சிரித்தது எந்த நாள்?

காலைச் சமையல் முடியும் நேரத்தில் கணவர் கைபேசியை அடுப்பு வரைக்கும் கொண்டுவந்து நீட்டினார்.

"பாரு. உங்க முத்திரை. மூலையில ஜம்முனு உக்காந்திருக்கு."

கரண்டியைக் கீழே வைக்காமலே அவள் பார்த்தாள். ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டு. வெள்ளை உடையில் நான்கு செவிலியர்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். இன்னொருத்தி கட்டில் கம்பியைப் பிடித்தபடி குனிந்து குலுங்குகிறாள். பின்னால் சின்னச் சின்னக் கட்டில்கள். படத்தின் கீழே சிவப்பு எழுத்து: 'குழந்தைகள் மூச்சுக்குத் தவித்த அன்று இவர்கள்.' வலது மூலையில் அவள் வேலை பார்க்கும் காப்பகத்தின் வட்ட முத்திரை. அதன் நடுவில் 'அசல்' என்ற ஒரே சொல்.

"எந்தெந்த குரூப்புக்கு அனுப்பினீங்க?"

"இதெல்லாம் எண்ணிக்கிட்டா அனுப்புவாங்க? கையில இருக்கற எல்லாத்துக்கும்தான். அசல்னு சொன்னது என் வீட்டுக்காரின்னும் போட்டேன். நேத்து லிஃப்ட் ரிப்பேருக்குப் போன கட்டடத்துல எனக்கு டீ குடுத்தாங்க, தெரியுமா? லிஃப்ட் இன்னும் ஓடல. இருந்தாலும் குடுத்தாங்க."

அவள் சிரித்துவிட்டாள். சாப்பாட்டு டப்பாவை மூடிப் பையில் வைத்தாள்.

அவளுக்கு வேலை ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் காட்சிக் காப்பகத்தில். பழைய செய்திப் படங்கள் அங்கே நாடாக்களாகவும் கோப்புகளாகவும் இருக்கின்றன. எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் முன் படத்தை நிறுத்தி, கண்ணருகே ஒரு லென்ஸை வைத்துப் பார்ப்பாள். அதனால் காவலாளி முதல் இயக்குநர் வரை அனைவருக்கும் அவள் லென்ஸக்கா. வயதில் பெரியவர்களுக்கும் அக்காதான்.

முன்பெல்லாம் காப்பகத்துக்கு வருகிறவர்கள், 'இது இருக்கிறதா' என்று கேட்டார்கள். இப்போது எல்லோரும் கேட்பது, 'இது கம்ப்யூட்டரில் செய்ததா, நிஜமா' என்றுதான். அதற்காகவே ஒரு முத்திரை உண்டாக்கினார்கள். கேள்வி வரும். அவள் பார்ப்பாள். நிஜமென்றால் 'அசல்'. இல்லையென்றால் 'அசல் அல்ல'.

இந்த வார்டுக் காட்சியும் அப்படி வந்ததுதான். பல ஆண்டுகளுக்கு முன் அந்த மருத்துவமனையில் ஆக்சிஜன் நின்றுபோய்க் குழந்தைகள் இறந்தார்கள். மூடிக் கிடந்த விசாரணையை இப்போது மறுபடி திறந்திருக்கிறார்கள். அந்தச் சூட்டில் இந்தக் காட்சி கிளம்பியது. முதலில் யார் போட்டார்கள் என்று தெரியவில்லை. செவிலியர் சங்கம், 'இது கம்ப்யூட்டர் வேலை' என்று அறிக்கை விட்டது. ஒரு செய்தித் தளம் காப்பகத்தைக் கேட்டது. அவள் காப்பகப் பிரதியை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். அந்தக் காலத்துக் கேமராக்கள் வெளிச்சமான விளக்கைக் கண்டால் படத்தில் மேலும் கீழுமாக ஒரு வெள்ளைக் கோடு இழுக்கும். செவிலியரின் தலைக்குப் பின்னால் இருந்த விளக்கு அந்தக் கோட்டை இழுத்திருந்தது. வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. முத்திரை குத்திவிட்டுச் சாப்பிடப் போனாள்.

பேருந்தில் அவளுக்கு முன்னிருக்கையில் இருவர் அதே காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதெல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றதுப்பா. எங்க பெரியப்பா பாடற மாதிரியே ஒண்ணு வந்துச்சு. அவர் ஜென்மத்துல பாடினது கிடையாது."

"முத்திரை இருக்கு பாரு."

மற்றவர் கண்ணைக் குறுக்கிப் பார்த்தார். சந்தேகம் அதோடு போயிற்று. "அப்ப இவளுங்கள நடுத்தெருவுல நிக்க வெக்கணும்" என்றார்.

முத்திரையை அவர் நம்பியது அவளுக்கு இனித்தது. அடுத்து சொன்னது நெருடியது. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பார்க்கும் முன் இறங்கும் இடம் வந்துவிட்டது.

அலுவலகத்தில், அவள் மேசைக்கு எதிரே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். நரைத்த தலை. தோளில் மாட்டிய பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முகத்தைப் பார்த்ததும் லென்ஸக்காவுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்.

"உக்காருங்க சிஸ்டர்."

"உக்கார வரல. நீங்கதான் அசல்னு எழுதினவங்களா?"

"ஆமா. அசல்தான்."

"அசல்தான். நான் இல்லைன்னு சொல்லல. சிரிக்கறது நான்தான். எங்க சங்கத்துக்காரங்க அவசரப்பட்டு என்னமோ அறிக்கை விட்டாங்க. என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." செவிலியர் மூச்சு விட்டுக்கொண்டார். "என்னிக்கு சிரிச்சேன்னு நீங்க பாத்தீங்களா?"

லென்ஸக்கா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"புதுக் கட்டில் வந்திருக்குன்னு உங்க ஆளுங்கதான் படம் எடுக்க வந்தாங்க. சும்மா பேசிக்கிட்டு நில்லுங்க, இயல்பா இருக்கட்டும்னார் கேமராக்காரர். இயல்பா இருங்கன்னா யாருக்குங்க இயல்பா இருக்க வரும்? விறைச்சுக்கிட்டு நின்னோம். அவர் பின்னாடியே நடந்து போயி அழுக்குத் துணிக் கூடைக்குள்ள உக்காந்துட்டார். கேமராவ மட்டும் விடல, கெட்டிக்காரர். கூடைக்குள்ள இருந்துக்கிட்டே எடுக்கறார். யாரு சிரிக்காம இருப்பாங்க? அந்தக் குழந்தைங்க போனது அதுக்கு ரொம்ப நாள் கழிச்சு. அன்னிக்கு நாங்க..."

அவர் பையின் வாரைத் திருகினார்.

"இன்னிக்குக் காலையில நைட் டியூட்டி முடியற நேரத்துல ஒரு குழந்தைக்கு ஊசி போடப் போனேன். உடம்பு கொதிக்குது. அம்மாக்காரி கையில போன். அதப் பாத்தா, என்னப் பாத்தா. புள்ளைய வாரி எடுத்துக்கிட்டு, தொடாதன்னா. நான் மருந்தக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறேன். கீழ் மாடியிலருந்து இன்னொரு சிஸ்டர் வர்ற வரைக்கும் அந்தக் குழந்தை அப்படியே கெடந்துச்சு. அதுக்கு ஏதாவது ஆகியிருந்தா யார் பொறுப்பு? உங்க முத்திரையா?"

"சிஸ்டர், நான் பாக்கறேன்."

"பாத்துத்தானே எழுதினீங்க?"

அதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் லென்ஸக்காவுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"வார்டுக்கு வராத, மறுபடி கூப்பிடற வரைக்கும் வீட்டுல இருன்னு சொல்லிட்டாங்க. நேத்து பெற்றோர் சங்கத்துக்காரங்க என் வீட்டு வாசல்ல நின்னு கத்தினாங்க. அவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. புள்ளையப் பறிகொடுத்தவங்க. யாரையாவது கத்தணும். ஆனா குழந்தைங்களத் தொடவிடலன்னா நான் எங்க போவேன்? சேர்ந்த நாளா அந்த வார்டுதான். எனக்கு வேற வேலை தெரியாதுங்க."

அவர் போன பிறகு லென்ஸக்கா வெகுநேரம் கணினியைத் திறக்கவில்லை.

காப்பகத்தில் ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு பிரதிகள் இருக்கும். ஒன்றில் எழுத்து எதுவும் இருக்காது. பெயர், தேதி, நிலையத்தின் சின்னம் எல்லாம் ஏறுவதற்கு முந்தைய வெறும் படம். பிறகு வேறு செய்திக்குப் பயன்படுத்த வசதி என்று அதைத்தான் பத்திரமாக, தெளிவாக வைத்திருப்பார்கள். இணையத்தில் யாரும் பார்க்கும்படி போட்டிருப்பதும் அதையே. மற்றது மக்கள் தம் வீட்டில் பார்த்தபடியே பதிவானது. எழுத்தெல்லாம் இருக்கும், படம் மங்கல். வழக்கு வந்தால் காட்டுவதற்கென்று பெட்டிகளில் அடுக்கிக் கிடக்கும். யாரும் தொடுவதில்லை.

அசலா போலியா என்று பார்க்கத் தெளிவான படம்தான் வேண்டும். அதனால் அவள் எப்போதும் எழுத்தில்லாத பிரதியை எடுப்பாள். இந்த வேலை தெரிந்த எவரும் அதைத்தான் எடுப்பார்கள். வேலை தெரியாத ஒருவர் இருந்திருந்தால், கைக்குக் கிடைத்த மங்கல் பிரதியைப் போட்டுப் பார்த்திருக்கக்கூடும்.

உள்ளறைக்குப் போய் அந்த ஆண்டின் பெட்டியை இறக்கினாள். நாடாவைப் போட்டாள். குழந்தைகள் இறந்த அன்றைய மாலைச் செய்தி. வாசிப்பவரின் குரல். பூட்டிய இரும்புக் கேட். கேட்டுக்கு வெளியே கூட்டம். பிறகு வார்டு, செவிலியர்கள், சிரிப்பு. படத்தின் இடது மேல் மூலையில், சின்னதாக, யார் கண்ணையும் உறுத்தாத வெள்ளை எழுத்தில் இரண்டு சொற்கள்: கோப்புக் காட்சி.

முன்பே எடுத்து வைத்திருந்த பழைய படம் என்று பொருள். நிலையம் அன்றைக்கு ஒளித்து எதுவும் செய்யவில்லை. சொல்லித்தான் போட்டிருக்கிறது. அந்தச் சொல் எழுத்தில்லாத பிரதியில் இல்லை. எழுத்தே இல்லாதபோது அது மட்டும் எப்படி இருக்கும்?

கையிலிருந்த லென்ஸை மேசையில் வைத்தாள். இதைப் பார்க்க லென்ஸ் தேவையில்லை.

இயக்குநர் படத்தை நின்றுகொண்டே பார்த்தார். மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"சரி. நாம என்ன எழுதினோம்? அசல்னு எழுதினோம். அது பொய்யா?"

"இல்ல சார்."

"நம்மகிட்ட கேட்டது கம்ப்யூட்டர்ல பண்ணதான்னு. அதுக்குப் பதில் சொன்னோம். தேதி என்னன்னு யாரும் கேக்கல. கீழ எவனோ சிவப்புல எழுதினா அதுக்கு நாம பொறுப்பா?"

"சிவப்பு எழுத்த நம்பாதவங்ககூட நம்ம முத்திரையப் பாத்துத்தான் நம்பறாங்க சார். காலையில பஸ்ஸுல கண்ணால பாத்தேன்."

"நீங்க ஒண்ண யோசிக்கல." இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். கெட்டவர் அல்ல. அவருக்கும் அன்று இரவு தூக்கம் வரப்போவதில்லை. "விசாரணையில பெற்றோர் தரப்புல கொண்டுபோற படமெல்லாம் எங்கேருந்து போகுது? இங்கேருந்துதான். இப்ப நாமளே ஒரு முத்திரையத் திரும்ப வாங்கினா, ஆஸ்பத்திரி நிர்வாகத்து வக்கீல் என்ன பேசுவார்? காப்பகமே தப்புன்னு ஒத்துக்கிச்சு, அங்கேருந்து வந்த எதையும் நம்பாதீங்கம்பார். ஒரு சிஸ்டருக்காக அத்தனை குழந்தைங்க கேஸையும் கவுக்கணுமா?"

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் அவளை வாட்டியது.

"கொஞ்ச நாள் பொறுங்க. அடுத்து ஒண்ணு வரும். ஜனங்க இத மறந்துடுவாங்க."

"அந்தம்மா மறப்பாங்களா சார்?"

இயக்குநர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாலையில் வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் கைகால் கழுவிவிட்டு வந்து துண்டும் கையுமாக நின்று கேட்டார். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது.

"நீதானே அசல்னு சொன்ன?"

"சொன்னேன்."

"உன்ன நம்பித்தானே அனுப்பினேன்? எனக்கென்ன தெரியும், கோப்புக் காட்சி, சோப்புக் காட்சின்னு!"

"என்ன நம்பினது சரிங்க. அனுப்பறதுக்கு முன்னாடி, 'இது என்னிக்கு எடுத்தது'ன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? ஒரே வீட்டுலதானே இருக்கோம்?"

"கேட்டிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது. அதுக்கப்புறமாவது போய்ப் பாத்திருப்பேன்."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கைபேசியை எடுத்து ஒவ்வொரு குரூப்பிலும் எழுதத் தொடங்கினார். அந்தப் படம் அன்றைக்கு எடுத்ததில்லை, தவறாக அனுப்பிவிட்டேன் என்று. எழுத எழுத பதில்கள் வந்தன. அவர் வாய்விட்டுப் படித்தார்.

"'என்னண்ணே, யாராவது மிரட்டினாங்களா?'ங்கறான் ஒருத்தன். இன்னொருத்தன், 'நீங்க எந்தப் பக்கம்?'ங்கறான். லிஃப்டுக்கு மேல, கீழன்னு ரெண்டு பக்கம்தான் எனக்குத் தெரியும்." சிரிக்க முயன்றார். சிரிப்பு வரவில்லை. "பாதிப் பேர் இதத் திறந்தே பாக்கலம்மா. அத மட்டும் எல்லாரும் பாத்தாங்க."

மறுநாள் காலை பெற்றோர் சங்கத் தலைவர் காப்பகத்துக்கு வந்தார். பள்ளியில் கணக்கு வாத்தியார். ஆக்சிஜன் நின்ற அன்று அவருடைய ஒரே மகள் அந்த வார்டில் இருந்தாள். செவிலியர் வீட்டு வாசலில் நின்று கத்திய கூட்டத்துக்கு முன்னால் நின்றவரும் அவர்தான். அன்றைய செய்தியின் முழுப் படத்தையும் முத்திரையோடு வாங்கி விசாரணையில் கொடுக்க வந்திருந்தார். ஒளிபரப்பான எதையும் எவர் கேட்டாலும் காட்ட வேண்டும் என்பது காப்பகத்தின் விதி.

இயக்குநர் அவளை நடையில் நிறுத்தினார். "அவர் கேட்டத மட்டும் குடுங்க. முத்திரை போட்ட பிரதி போதும். வேற எதுவும் நாமா சொல்ல வேண்டாம்."

பார்வை அறையில் ஒரு திரை, இரண்டு நாற்காலிகள். வாத்தியார் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ரொம்ப நன்றிம்மா. எல்லாரும் போலி போலின்னு சொல்லிக்கிட்டிருந்தப்ப நீங்கதான் அசல்னு சொன்னீங்க. எங்களுக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு தெரியுமா?"

இரண்டு பிரதிகளும் அவள் முன்னால் இருந்தன. எழுத்தில்லாததைப் போட்டால் அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். வேலையும் பத்திரம், வழக்கும் பத்திரம், விதியையும் மீறியதாகாது. அந்த வார்டில் ஒரு செவிலியர் குறைவார், அவ்வளவுதான்.

அவள் மங்கலான நாடாவைப் போட்டாள்.

"சார், முத்திரை போட்டது நான்தான். படம் பொய்யில்ல. ஆனா நான் பாதிதான் பாத்தேன். இத முழுசாப் பாருங்க."

வாசிப்பவரின் குரல் வந்தது. கேட் வந்தது. கூட்டம் வந்தது. கேட்டின் கம்பிகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த ஒரு மனிதன் மீது கேமரா சிறிது நின்றது. வாத்தியார் முன்னால் சாய்ந்தார்.

"அது நான்."

அவள் படத்தை நிறுத்தினாள்.

"இத நான் பாத்ததே இல்லம்மா. அன்னிக்கு டிவி பாக்கற நிலைமையிலயா இருந்தோம்... அந்தச் சட்டைய அப்புறம் நான் போடல." திரையிலிருந்த தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, போடுங்க."

வார்டு வந்தது. நான்கு பேர் சிரித்தார்கள். அவர் தாடை இறுகியது. அவள் மறுபடி நிறுத்தி, இடது மேல் மூலையில் விரலை வைத்தாள்.

"இதப் படிங்க சார்."

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார்.

"கோப்புக் காட்சின்னா?"

"அன்னிக்கு எடுத்தது இல்ல. ரொம்ப முன்னாடி, வார்டுக்குப் புதுக் கட்டில் வந்தப்ப எடுத்தது. கேமராக்காரர் துணிக் கூடைக்குள்ள விழுந்துட்டார். அதுக்குத்தான் சிரிக்கறாங்க. அந்த சிஸ்டர் சொன்னாங்க. எடுத்த நாடாவ அப்பவே அழிச்சு வேற படம் எடுத்துட்டாங்க, அதனால கூடைய என்னால காட்ட முடியாது. பழைய படம்ங்கறதுக்கு மட்டும் அத்தாட்சி இந்த எழுத்துதான். நேத்து ஒரு குழந்தைக்கு ஊசி போடப் போன அந்த சிஸ்டர, இந்தப் படத்தப் பாத்துட்டு அம்மாக்காரி தொடவிடல சார்."

வாத்தியார் எதையோ கணக்குப் போடுகிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

"அப்ப அன்னிக்கு உள்ள எடுத்தது எங்க?"

"இல்ல சார்."

"இல்லன்னா? அழிச்சிட்டாங்களா?"

"எடுக்கவே இல்ல. கேமராவ உள்ள விடல. கேட்ட மூடச் சொல்லி நிர்வாகம் உத்தரவு போட்டிருக்கு. கேட்டுல ஒட்டின தாள் படத்துல தெரியுது, பாருங்க. உள்ள எதுவும் கிடைக்காததாலதான் பழைய வார்டுப் படத்த எடுத்துப் போட்டிருக்காங்க."

"அப்ப எம்பொண்ணு கடைசியா இருந்த எடம்..."

"நம்மகிட்ட இல்ல சார். இல்லைன்னு நாங்க முதல்லயே எழுதி வெச்சிருக்கணும். அன்னிக்கு உள்ள நடந்ததுக்குப் படம் இல்லைன்னு தெரிஞ்சிருந்தா, இதுதான் அந்தப் படம்னு யாராலயும் சொல்லியிருக்க முடியாது."

அவர் எழுந்து திரையருகே போனார். அவள் நாடாவைத் திருப்பிக் கேட்டில் கொண்டுவந்து நிறுத்தினாள். கம்பியில் ஒட்டிய தாள் காற்றில் பாதி மடங்கியிருந்தது. அதற்குப் பின்னால் சீருடைக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால், படியில், கோட்டுப் போட்ட ஒருவர் கேட்டைத் திறக்கச் சொல்லாமல் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரி நிர்வாகி. இவர நான் அன்னிக்கே பாத்தேன்" என்றார் வாத்தியார். "இவர்கிட்டத்தான் கத்தினேன். இந்த வாரம் பூரா இவர் ஞாபகமே வரல. அந்த நாலு பொண்ணுங்க மூஞ்சிதான் தூங்க விடாம பண்ணுச்சு."

கதவருகே இயக்குநர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று இருவருக்கும் தெரியவில்லை. வாத்தியார் அவர் பக்கம் திரும்பினார்.

"சார், இத எழுத்துல குடுங்க. எல்லாரும் பாக்கறாப்பல போடுங்க."

"போடலாம். ஆனா நிர்வாகத்து வக்கீல் அதக் கையில எடுத்துக்கிட்டு..."

"எடுக்கட்டும். அவங்களுக்கு உதவப் போறது உங்க மறுப்பு இல்ல சார். அவங்களுக்கு உதவி ஏற்கெனவே நடந்துடுச்சு. கேட்ட மூடினவர விட்டுட்டு, எங்க எல்லாரையும் நாலு சிஸ்டருங்க வீட்டு வாசலுக்குத் திருப்பி விட்டாங்களே, அதவிட என்ன வேணும்? நான் அந்தம்மா வீட்டு முன்னால நின்னு வாய்க்கு வந்ததப் பேசினேன். அவங்க கதவத் திறக்கல. குத்தம் செஞ்சதாலதான் திறக்கலன்னு சொன்னேன். அதையும் படம் எடுத்துப் போட்டோம்." அவர் குரல் உடைந்தது. "அதுவும் அசல் படம்தான் சார். அதுக்கும் முத்திரை போடுவீங்களா?"

இயக்குநர் ஒரு நாற்காலியை இழுத்து லென்ஸக்காவின் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "எழுதுங்க" என்றார்.

அவள் எழுதினாள். காட்சி அசல், ஆனால் அந்த நாளுடையது அல்ல. முன்பே எடுக்கப்பட்டது, ஒளிபரப்பிலேயே அப்படிச் சொல்லப்பட்டது. அன்று வார்டுக்குள் நடந்த எதற்கும் காப்பகத்தில் படம் இல்லை. நாள் பார்க்காமல் முத்திரை கொடுத்தது காப்பகத்தின் பிழை. படித்துப் பார்த்த இயக்குநரின் பேனா கடைசி வரியில் நின்றது. அடிக்கப் போகிறார் என்று நினைத்தாள். அவர் 'பிழை' என்பதற்குப் பக்கத்தில் 'வருந்துகிறோம்' என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அறிக்கை வெளியானது. முத்திரை ஓடிய வேகத்தில் அது ஓடவில்லை. சிரிப்புப் படத்தைப் போட்ட தளங்களில் சில மட்டும் அதை மூலையில் போட்டன. காப்பகம் விலை போய்விட்டது என்று பலர் எழுதினார்கள். இயக்குநர் பயந்ததும் நடந்தது. நிர்வாகத்தின் வழக்கறிஞர் அறிக்கையை உயர்த்திக் காட்டி, காப்பகமே ஒத்துக்கொண்டுவிட்டது, இனி எந்தப் படத்தை நம்புவது என்று கேட்டார். விசாரணையில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த லென்ஸக்கா எழுந்து வெளியே வந்தாள். செவிலியரைத் தொலைபேசியில் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

விசாரணை நடந்த கட்டடத்துக்கு வெளியே செய்தியாளர்கள் வாத்தியாரைச் சூழ்ந்தார்கள். அவள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள்.

"காப்பகத்த இனி நம்புவீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"இப்பத்தான் நம்பறேன்" என்றார் வாத்தியார். "தன்கிட்ட என்ன இல்லைங்கறதையும், எங்க தப்பு பண்ணோம்ங்கறதையும் சொல்ற இடத்தத்தான் நம்ப முடியும். அங்க அந்த மங்கலான நாடாவ யாரோ ஒருத்தர் தூக்கிப் போடாம வெச்சிருந்தாங்க. அது இல்லன்னா, எம்பொண்ணு பேரச் சொல்லிக்கிட்டே ஒரு அப்பாவி மனுஷிய அழிச்சிருப்பேன்."

"அப்ப அந்த வீடியோ பொய்தானே?"

"பொய் இல்ல. அதுதான் ஆபத்து. நான் போலிப் படத்துக்குத்தான் பயந்துக்கிட்டிருந்தேன். என்ன ஏமாத்தினது நிஜப் படம்." அவர் கேமராக்களை நேராகப் பார்த்தார். "படத்துக்கு வாய் கிடையாதுங்க. பக்கத்துல நிக்கறவன்தான் பேசறான். என்னிக்கு எடுத்தது, எங்க எடுத்தது, யார் எடுத்தது, இத இப்ப என்கிட்ட காட்டறவன் யாரு. இத்தனையும் கேட்டுட்டு அப்புறம் கோபப்படுங்க. கேக்காம அனுப்பற ஒவ்வொருத்தரும், ஊசிக்காகக் காத்துக்கிட்டிருக்கற ஏதோ ஒரு குழந்தைகிட்டருந்து அதோட சிஸ்டரப் பிடுங்கறோம்."